அஞ்சலை கொடுத்த வஞ்சிரம்

ஹென்ரிக்குக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மயிலாப்பூரில் அவன் குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவி அபயாம்பாள். இன்னொருவர் அவனைத் தினமும் ஆபீசுக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர் மெஹபூப் பாஷா. இரண்டு பேரும் பேசுவது ஒரே மொழிதானா என்ற சந்தேகம் அவனுக்கு வெகுநாள் இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம் டென்மார்க்கிலிருந்து வந்தவன் அவன். கோபன்ஹேகனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் கம்ப்யூட்டர் வேலையை நந்தனத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசிடம் ஒப்படைத்திருந்தது. வேலை ஏன் சொன்ன தேதிக்கு முடிவதில்லை என்று கூடவே இருந்து பார்த்து, தினமும் சாயங்காலம் கோபன்ஹேகனுக்கு மெயில் எழுதுவதற்காக ஹென்ரிக்கை அனுப்பியிருந்தார்கள். அந்த ஆபீசில் இருந்த இன்ஜினீயர்கள் எல்லோருக்கும் வெளிநாட்டில் வேலை பார்க்க ஆசை. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் ஹென்ரிக்தான். அவனுக்கு வாய்த்த வெளிநாடு நந்தனம்.

வீட்டுக்காரர் வேதாந்தம், காலேஜில் கணக்கு நடத்தி ரிட்டயரானவர். மாடி போர்ஷனைக் கேட்டு வந்தவர்களில் மீன் தின்னும் குடும்பங்களையெல்லாம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். ஆனால் மாட்டையும் பன்றியையும் சாப்பிட்டு வளர்ந்த ஹென்ரிக் வந்து நின்றதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அவாள்ளாம் ஒரு வார்த்தை சொன்னா மீற மாட்டா" என்று மனைவியிடம் காரணம் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டது அபயாம்பாள். "ஆத்துல மீன் ஆகாது. மாம்சமும் ஆகாது. மத்தபடி உங்காம் மாதிரி இருந்துக்கோங்கோ." ஹென்ரிக் தலையாட்டினான். தமிழில் அவன் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான்: ஆத்துல மீன் ஆகாது.

ஏழு மாதத்தில் அவனுக்கு எரிச்சல்கள் சேர்ந்திருந்தன. அவன் கம்ப்யூட்டரில் முக்கியமான எதையாவது ஓட்டிப் பார்க்கும் நேரமாகப் பார்த்துக் கரண்ட் போகும். வீட்டு டெலிபோன் மழைக்கு ஒரு வாரம் முன்னாலேயே செத்துவிடும். "வெள்ளிக்கிழமை முடியுமா?" என்று கேட்டால், "ஆயிடும்" என்று தலை ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வரும். அது ஆம் என்பதா, இல்லை என்பதா, கடவுள் விட்ட வழி என்பதா என்று வெள்ளிக்கிழமைதான் தெரியும். இஸ்திரிக்காரர் அவனுடைய ஜீன்ஸுக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தருவார்.

சந்தோஷங்களும் சேர்ந்திருந்தன. அவற்றை அவன் மெயிலில் எழுதுவதில்லை. அபயாம்பாள் தரும் காப்பியை டபராவில் ஊற்றி நுரை பொங்க ஆற்றக் கற்றிருந்தான். முடிவெட்டி முடித்ததும் சலூன்காரர் தலையைத் தட்டிக் கழுத்தைச் சொடுக்கும் அந்த ஒரு நொடிக்காகவே மாதம் இரண்டு தடவை போனான். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலை கடற்கரைக்கு நடந்துபோய், நொச்சிக்குப்பம் பக்கம் ரோட்டோரத்தில் பெண்கள் பரப்பி வைத்திருக்கும் மீன்களைப் பார்ப்பது. அவன் துறைமுக ஊரில் பிறந்தவன். மீனைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். குனிந்து செவுளைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், போய்விடுவான். வாங்கியதில்லை. வார்த்தை கொடுத்திருக்கிறானே.

இதை அஞ்சலை பல நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். அங்கே மீன் விற்பவர்களில் குரல் பெரியது அவளுக்குத்தான். அவள் பார்த்த வெள்ளைக்காரர்கள் காரில் வந்து, போட்டோ பிடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இவன் நடந்து வருகிறான். தேய்ந்த கான்வாஸ் ஷூ. ஏக்கத்தோடு பார்க்கிறான். ஒன்றும் வாங்காமல் போகிறான். ஒரு ஜனவரி காலை அவளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா தொர, தெனம் வந்து பாத்துக்கினே போற. ஒரு நாளாவது வாங்குறியா?"

ஹென்ரிக்குக்கு இதற்குப் பதில் தமிழிலேயே தெரிந்திருந்தது. பெருமையோடு சொன்னான். "ஆத்துல மீன் ஆகாது."

"இன்னாது? ஆத்து மீனா?" அஞ்சலை எழுந்தே நின்றுவிட்டாள். "நல்லா கண்ணத் தொறந்து பாரு நைனா. ராத்திரி கடல்ல போய்ப் புட்ச்சாந்தது இது. கூவத்துல புட்ச்சதுன்னு நென்ச்சிக்கினியா?"

"இல்லை, இல்லை. ஆத்துல... ஆகாது" என்று ஹென்ரிக் தன் வீடு இருக்கும் திசையைக் காட்டினான். அந்தத் திசையில் பக்கிங்காம் கால்வாய் ஓடியது.

பக்கத்துக் கூடைக்காரி சமாதானம் செய்தாள். "வுடு அஞ்சல. கையில துட்டு இல்ல போல கீது. அத்தச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு இன்னான்னமோ ஒளர்றான்."

அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. கூடையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தை எடுத்துத் தினத்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு அவன் கையில் திணித்தாள். ஹென்ரிக் பாக்கெட்டுக்குள் கைவிட்டதும் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. "போ, போய்த் துன்னு. நாளைக்கி வந்து எப்டி இருந்துச்சின்னு சொல்லணும்."

டென்மார்க்கில் அவனுக்கு நல்ல சம்பளம். அவனைப் பார்த்து இதுவரை யாரும் பரிதாபப்பட்டதில்லை. அது இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மீனை அணைத்துக்கொண்டு நடந்தவனுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது, இதை எங்கே கொண்டுபோவது?

தெருமுனைக்கு வந்தபோது பின்னால் மூன்று பூனைகள் வந்துகொண்டிருந்தன. வாசலில் அபயாம்பாள் கோலத்தை முடித்துவிட்டு நிமிரப் போகும் சமயம். ஹென்ரிக் சட்டென்று திரும்பி, அங்கே வழக்கம்போல் நின்றிருந்த பாஷாவின் ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டான்.

"இன்னா சார், பூனைங்கல்லாம் ஊர்கோலம் வருது?" என்ற பாஷா பையைப் பிரித்துப் பார்த்தார். "யப்பா, வஞ்சிரம்! என் வூட்டுக்கு எட்த்தும் போலாம். ஆனா நம்ம வூட்டுக்காரம்மா கமர் ஜஹான் தையல் கம்பெனிக்குப் போயிருக்கும். சாய்ங்காலந்தான் வரும். வூட்ல ஃபிரிஜ்ஜும் கெடையாது. அதுவர கெடாம வச்சிக்கினா, சோக்கா செஞ்சி போடும்."

ஆபீசிலும் ஃபிரிஜ் கிடையாது. ஆனால் சர்வர் கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறை உண்டு. ஆபீஸ் முழுவதும் வேர்த்தாலும் அந்த அறை மட்டும் மார்கழி மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்வரின் தலையில் சந்தனப் பொட்டு, மேலே ஒரு பிள்ளையார் படம். ஹென்ரிக் பையை ஒரு காலி மானிட்டர் பெட்டியில் வைத்து மூடும்போது, கதவைத் திறந்துகொண்டு அனிருத் வந்தான். ஹென்ரிக்கோடு நெருங்கி வேலை செய்யும் இன்ஜினீயர். வயது இருபத்தைந்து. வீடு லஸ் பக்கம். வெங்காயம்கூட வாரத்தில் பாதி நாள் ஆகாத குடும்பம்.

ஹென்ரிக் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னான். அனிருத் நீண்ட நேரம் பெட்டியையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவருக்கு நேர் எதிர்லயா வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பெட்டியைக் காலால் தள்ளி டேப் அலமாரிக்குப் பின்னால் மறைத்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவனும் கூட்டாளி.

மத்தியானம் வரை சிக்கல் இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பேட்டரி தயவில் சர்வர் ஓடியது, ஏசி ஓடவில்லை. சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாக வாசனை புறப்பட்டு, முதலில் அக்கவுண்ட்ஸ் பக்கம் போய், பிறகு மானேஜர் ஆனந்தகுமாரின் அறைக்குள் நுழைந்தது.

ஆனந்தகுமார் மூக்கை உயர்த்திக்கொண்டு வாசனையின் வழியே நடந்து சர்வர் அறையை அடைந்தார். "எலி செத்துக் கெடக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். "தரைப் பலகையெல்லாம் தூக்குங்க."

அந்த அறையின் தரை நிஜத் தரை இல்லை. ஒயர்கள் ஓடுவதற்காக ஒரு சாண் உயரத்தில் பலகைகள் பாவியிருந்தார்கள். ஹென்ரிக் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடத்தான். அனிருத் அவன் காலை மிதித்து, "எலியேதான் சார். நான்கூட காலைலயே நெனச்சேன்" என்றான்.

நான்காவது பலகையைத் தூக்கியபோது, உள்ளேயிருந்து ஓர் எலி பாய்ந்து வந்தது. சாகவில்லை. நல்ல புஷ்டியாக இருந்தது. ஆனந்தகுமார் தாவி நாற்காலிமேல் ஏறினார். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அது உருண்டதில் அவர் பிடிக்கப் பார்த்தது ஒரு ஒயர் கற்றையை. மூன்று நாளாக ஓடி, முடியும் நிலையில் இருந்த வேலையோடு சர்வர் நின்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, அனிருத் மானிட்டர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "பழைய டேப், பழைய டேப்" என்று எல்லோரையும் விலக்கியபடி மாடிப்படி இறங்கினான். கீழே ஆட்டோவோடு நின்ற பாஷாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, தோல் உரியும்வரை கைக்குச் சோப்புப் போட்டான்.

எலியைப் பிடித்தாயிற்று. ஆனால் உயிருள்ள எலியிடமிருந்து செத்த வாசனை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனந்தகுமாரின் பேச்சில் ஒரு வெற்றிப் பெருமிதம் தெரிந்தது.

சாயங்காலம் ஹென்ரிக் மெயில் எழுத உட்கார்ந்தான். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றது. இந்த இடத்தில் அனிருத் எப்போதும் "தவிர்க்க முடியாத உள்ளூர்க் காரணங்கள்" என்று எழுதித் தருவான். ஹென்ரிக் அதை அடித்துவிட்டு, இது ஒரு காரணமா, துல்லியமாக எழுது என்று திருப்பித் தருவான். மீன், பூனை, அஞ்சலை, பிள்ளையார் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். கோபன்ஹேகனில் இருப்பவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது? கடைசியில், "தவிர்க்க முடியாத உள்ளூர்க் காரணங்கள்" என்றே எழுதினான்.

தோளுக்குப் பின்னால் நின்று அனிருத் படித்தான். "இன்னும் கொஞ்சம் துல்லியமா எழுதலாமே."

ஹென்ரிக் பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டான்.

மீர்சாகிப்பேட்டையில் பாஷாவின் வீடு ஒரே அறை. கமர் ஜஹான் வந்து, மீனை முகர்ந்து பார்த்து, "தப்பிச்சிது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பூனைக்குத்தான்" என்று சொல்லி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள். ஹென்ரிக்கும் அனிருத்தும் போய்ச் சேர்ந்தபோது வறுத்த துண்டுகள் தட்டில் அடுக்கியிருந்தன. பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அப்படியும் மிச்சம் நிறைய இருந்தது.

அனிருத்தைப் பார்த்துக் கமர் ஜஹான் சொன்னாள்: "உங்களுக்கு ரசம் தனியா வச்சிருக்கேன் தம்பி. அந்தச் சட்டியில மீன் பட்டதே கெடையாது. பயப்படாம சாப்டுங்க."

அவன் கதவோரம் உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிட்டான். ஹென்ரிக் மீனைத் தின்றான். மிளகாயால் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தின்றான். பாஷா எதிரே உட்கார்ந்து, முள் எடுக்க வேண்டிய இடங்களை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். ஹென்ரிக் வந்திருப்பது கேள்விப்பட்டு வாசலில் நாலைந்து பேர் கூடி, அவன் சாப்பிடும் அழகைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார்கள்.

அனிருத் மெல்லக் கேட்டான். "உங்க ஊர்ல இந்த மாதிரி நெனச்ச உடனே யார் வீட்டுக்காவது சாப்பிடப் போக முடியுமா?"

"ஒரு மாசம் முன்னால டெலிபோன்ல கேக்கணும்" என்றான் ஹென்ரிக், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக. "அவங்க டைரியப் பாத்துச் சொல்லுவாங்க. அங்க என் மாடியிலயே எதிர் வீட்டுல இருக்கறவர் பேரு எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் இருந்தேன்."

இதைக் கேட்டால் அனிருத் வருத்தப்படுவான், வெளிநாட்டு ஆசை கொஞ்சம் தணியும் என்று எதிர்பார்த்தான் ஹென்ரிக். அனிருத்தின் முகமோ விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"யாருமே வர மாட்டாளா?"

"மாட்டாங்க."

"பக்கத்தாத்து மாமி, உனக்கு இன்னும் பொண்ணு பாக்கலையான்னு கேக்க மாட்டாளா? சம்பளம் எவ்வளவுன்னு கேக்க மாட்டாளா? ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டாளா?"

"உன் பேரே அவங்களுக்குத் தெரியாது."

அனிருத் ரசத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "எப்படியாவது எனக்கு அங்க ஒரு வேலை போட்டுக் குடுத்துடுங்கோ ஹென்ரிக்."

பிறகு பாஷா இருவரையும் கொண்டுபோய் விட்டார். லஸ்ஸில் இறங்கிய அனிருத் வீட்டுக்குள் நுழையுமுன் உள்ளங்கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டதை ஹென்ரிக் ஆட்டோவிலிருந்து பார்த்தான்.

வீடு வந்ததும் ஹென்ரிக் சத்தம் போடாமல் மாடிப்படி ஏற முயன்றான். ஆனால் அபயாம்பாள் முற்றத்து விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"காலம்பற காப்பிகூட குடிக்காம எங்கே போனேள்? மாமா நாலு தரம் கேட்டுட்டார். ஏதாவது சாப்பிட்டேளா?"

"சாப்பிட்டேன் மாமி" என்றான் ஹென்ரிக், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு.

அவள் ஒரு கணம் அவனை நிதானமாகப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கையைக் காலை நன்னா அலம்பிண்டு வாங்கோ. தயிர்சாதம் பெசஞ்சு வச்சிருக்கேன்."

வயிற்றில் ஒரு கவளத்துக்கு இடம் இல்லை. கை கால் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மாவடுவைக் கடித்துக்கொண்டு, அதையும் முழுக்கச் சாப்பிட்டான்.