மேசைதான் ஆடுகிறது என்றேன்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிறாள். நான் அதை அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று முப்பத்தெட்டு வயதில் தெரிந்தது, அதுவும் ஒரு மனிதரின் ஏழு வருட உழைப்பில் மண்ணைப் போட்ட பிறகு.

என் வேலை துடிக்கும் நட்சத்திரங்களைத் தேடுவது. பல்சார் என்பார்கள். அவை சுழலச் சுழல, சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு வந்துபோகும். எங்கள் தொலைநோக்கியில் அதைப் பிடிக்கும் ரிசீவர்கள், அதாவது வாங்கிகள், பதின்மூன்று. ஒவ்வொன்றும் வானத்தில் வேறு வேறு இடத்தைப் பார்க்கும். ஒரு துடிப்பு ஒரே ஒரு வாங்கியில் தெரிந்தால் நட்சத்திரமாக இருக்கலாம். பதின்மூன்றிலும் ஒரே நேரத்தில் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், பக்கத்தில் எவனோ மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சூடு பண்ணுகிறான். குப்பையில் போட்டுவிடுவோம். லட்சக்கணக்கான துடிப்புப் படங்களைப் பார்த்து இப்படித் தரம்பிரிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். முகத்தை அடையாளம் காணும் கேமரா மாதிரிதான், முகத்துக்குப் பதில் துடிப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. கொஞ்சம் என்ன கொஞ்சம், கால் தரையில் படாத அளவுக்கு வந்தது.

அக்கா இதயத் தசைச் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பவள். நோயுள்ள செல்கள் ஒன்றோடொன்று சேராமல் ஆளுக்கொரு தாளத்தில் துடிக்கும். மேலே கேமரா வைத்துப் படமெடுத்து, படத்தை நூறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் எப்படித் துடிக்கிறது என்று எண்ண வேண்டும். கையால் எண்ணிக் கண் பூத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? என்கிட்ட ரெடியாவே இருக்கு" என்று ஒரே மத்தியானத்தில் என் புரோகிராமை மாற்றிக் கொடுத்தேன். வாங்கி என்று இருந்த இடத்தில் எல்லாம் கட்டம் என்று போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

"நல்ல செல்லை வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமாடா?" என்று கேட்டாள்.

"நட்சத்திரத்தையே பிடிக்குது, உன் செல்லைப் பிடிக்காதா?" என்றேன்.

அந்தக் கிண்ணங்களில் விட மருந்து செய்துகொடுத்தவரை எல்லோரும் மருந்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மெலிந்த ஆள், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். ஏழு வருடத்தில் நாற்பது மருந்து தோற்று, நாற்பத்தியோராவது கைக்கு வந்திருந்தது. அதை விட்ட கிண்ணங்களை என் புரோகிராம் பார்த்தது. மூன்றாவது மணி நேரத்தில் துடிப்பு குறைந்தது, ஐந்தாவதில் பூஜ்யம். மருந்து செல்களைக் கொன்றுவிட்டது என்று முடிவானது.

ஆய்வுக்கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மருந்துக்காரர் எழுந்து நின்றார். "நான் நுண்ணோக்கியில பார்த்தேங்க. துடிச்சுது. எல்லாம் ஒண்ணா, அழகா துடிச்சுது."

நான் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னேன். "எல்லாம் ஒண்ணா ஆடுதுன்னா மேசைதான் ஆடுது சார்."

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். நாற்பத்தியொன்று அன்றோடு கைவிடப்பட்டது. அக்காவின் கட்டுரை வெளிவந்தது, நன்றி சொல்லும் பகுதியில் என் பெயர் முதலில் இருந்தது.

ஒரு வருடம் கழித்து என்னை ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். வானத்தையும் இதயத்தையும் ஒரே புரோகிராம் படிக்கிறது என்று பீற்றிக்கொள்ள ஆசை. அக்காவிடம் ஆரோக்கியமான செல்களின் வீடியோ ஒன்றை வாங்கி ஓட்டினேன். நூறு கட்டமும் சேர்ந்து டிக் டிக் என்று துடிப்பது திரையில் கண்ணுக்கே தெரிகிறது. விடை பூஜ்யம் என்று வந்தது.

காரணம் தேட அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு கட்டத்துக்கு மேல் ஒரே துடிப்பு இருந்தால் தூக்கிப் போடு என்று நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. வானத்துக்கு எழுதியது. சேர்ந்து துடிப்பது அங்கே குப்பை, இதயத்துக்கு அதுதான் உயிர். அந்த வரியை எடுத்துவிட்டு, மருந்துக்காரரின் கிண்ணங்களை எடுத்த பழைய வீடியோவை மறுபடி ஓட்டினேன். ஐந்தாவது மணி நேரத்தில் நூறில் தொண்ணூற்றாறு கட்டம் ஒன்றாகத் துடித்தது. மருந்து வேலை செய்திருக்கிறது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, அடக்கிக்கொண்டேன். அக்கா பெயர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். மருந்து ஃப்ரீசரில் பத்திரமாகத்தானே இருக்கிறது, கல்லூரிப் பேச்சுக்கு இருக்கும் பத்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். கல்லூரிக்குப் போய்ப் பேசினேன், இதயப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு. கைதட்டினார்கள். மேடையிலேயே கூசிப்போனேன், இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் அக்கா ஒரு வாழ்த்து அட்டையோடு என் அறைக்கு வந்தாள். மருந்துக்காரர் ஓய்வு பெறுகிறாராம், எல்லோரும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது?

"என்னடா, முழிக்கிறே?"

சொல்லிவிட்டேன். திரையில் போட்டும் காட்டினேன். அக்கா திட்டவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, தானாக வந்தது.

"சரி, எழுந்திரு. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம், அது என் தலைவலி. இப்பவே அவர்கிட்ட போகணும்."

மருந்துக்காரர் தன் அறையில் மேசை இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார். அக்கா மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னாள், எனக்கு நேற்றுதான் தெரிந்தது என்பதையும் சேர்த்து. நான் பின்னால் நின்றேன். அவர் வீடியோவை முழுதாகப் பார்த்தார், பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார்.

"அப்போ மேசை ஆடலை" என்றார். குரலில் குத்தலே இல்லை. "நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களா, எனக்கே சந்தேகமாயிடுச்சு. கண் டாக்டர்கிட்டகூட போனேன். ஒரு குறையும் இல்லைன்னுட்டார்."

"மருந்து மிச்சம் இருக்கில்ல சார்?" என்றாள் அக்கா. "உடனே திரும்ப ஆரம்பிச்சிடலாம்."

அவர் இல்லை என்று தலையசைத்தார். "போன வெள்ளிக்கிழமை ஃப்ரீசரைக் காலி பண்ணிக் கொடுத்துட்டேம்மா. எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க. திரும்பச் செய்ய ஆறு மாசம் ஆகும், எனக்கு மூணு வாரம்தான் பாக்கி."

அவர் என்னைப் பார்த்தார், என் முகம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க தம்பி. உங்களுக்கே நேத்துதானே தெரிஞ்சுது. தெரிஞ்சதும் ஓடி வந்து சொல்லிட்டீங்க. இந்தக் காலத்துல யார் சொல்றா?"

அக்கா என் பக்கம் நன்றியோடு பார்த்தாள். இவ்வளவு நாளில் என்னை நினைத்து அவள் பெருமைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை, அன்று பட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"நேத்து இல்ல சார்" என்றேன். "பத்தொன்பது நாளாச்சு."

தோளிலிருந்த கை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எத்தனை நாள் என்று அவர் மனசுக்குள் எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்ததும் கையை எடுத்துக்கொண்டார்.