ஓவர்லாக் ஏற்றிய ட்ரெய்லர்

பெருமாநல்லூரைத் தாண்டி இரண்டாம் தடவையாக வண்டியை ஓரம் கட்டியபோதே கிருத்திகாவுக்கு இது போய்ச் சேராது என்று பட்டுவிட்டது. முதல் தடவை கயிறு தளர்ந்துவிட்டதென்று நிறுத்தி, இறங்கி, முடிச்சை இறுக்கிவிட்டு ஏறினார்கள். மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, மறுபடியும் அதே கதை. சின்ன காரின் பின்னால் மாட்டியிருந்த குட்டி ட்ரெய்லருக்குள் துணியின் ஓரம் அடிக்கிற மூன்று ஓவர்லாக் தையல் மெஷின்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

அவள் புருஷன் வேல்குமார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். கட்டியவன் அவன்தான். கட்டியது பனியன் துணிக் கயிற்றில். இருபது வருஷம் பனியன் துணியோடு புழங்கிய ஆளுக்கு அது இழுத்தால் நீளும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டில் எதைக் கட்டுவதானாலும் அதுதான். கம்பெனியில் வெட்டித் தள்ளுகிற கழிவுத் துணியை முறுக்கினால் கயிறு ஆகிவிடுகிறது. துணி காயப் போடும் கொடி, குழந்தை தூங்கிய தொட்டில், சந்தைக்கு எடுத்துப் போகும் டி-சர்ட் மூட்டை எல்லாம் அதில் கட்டியதுதான். அவர்கள் ஊரான நெருப்பெரிச்சலில் பாதிப் பேர் காசு கொடுத்துக் கயிறு வாங்கி வருஷக்கணக்காகியிருக்கும்.

மூட்டைக்கு அது சரி. மூட்டை அமுங்கும், கயிறு நீளும், இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போய்விடும். இரும்பு யாருக்காக அமுங்கும்? இதை யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் வேல்குமாரிடம் இருந்ததே இல்லை.

ட்ரெய்லரும் சந்தைக்கென்று லேத் பட்டறையில் சொல்லிச் செய்ததுதான். நூறு கிலோ டி-சர்ட்டைச் சுமந்து பழகிய வண்டி. இன்றைக்குக் குன்னத்தூரில் வாடகைக்குப் பிடித்த ஷெட்டில் சொந்தமாகத் தையல் ஆரம்பிக்கிறார்கள். வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன லோடு வண்டிக்காரன் காலையில் போனை அணைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஒரு மெஷினாவது ஓடி ஒரு தையல் விழுந்துவிட வேண்டும். அங்கே டைலர் சின்னாத்தாள் கற்பூரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"நைலான் கயிறு ஒண்ணு வாங்கிக்கலாங்க. பெருமாநல்லூர்ல ஹார்டுவேர் கடை தொறந்துதானுங்க இருந்துச்சு" என்றாள் கிருத்திகா.

"திரும்பிப் போயிட்டு வந்தா ராகு காலம் வந்துரும். நான் ட்ரெய்லருக்குள்ள உக்காந்து மெஷினைப் புடிச்சுக்கறேன். நீ ஓட்டு."

"நானுங்களா? ட்ரெய்லரை மாட்டி நான் ஒரு நாளும் ஓட்டுனதில்லீங்க."

"அதென்ன ஏரோப்ளேனா? பின்னாடி ஒண்ணு வருதுன்னே ரோசனை பண்ணாத. எப்பவும் ஓட்டறாப்புல ஓட்டு."

அவள் லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. வேண்டாங்க, பயமா இருக்குதுங்க என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. மெஷின் மூன்றையும் இன்னும் பின்னால் தள்ளி வைத்தான். கார் சின்னது, அதன் முதுகில் பாரம் ஏறக் கூடாது என்பது அவன் கணக்கு. கடைசி மெஷினைக் கட்டிப் பிடித்தபடி ட்ரெய்லரின் வால்பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் போனுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"லைனைக் கட் பண்ணிராத. நான் சொல்லச் சொல்ல ஓட்டு" என்றான்.

காரின் பின்சீட்டை மடக்கி மெஷின் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். அதனால் பின்கண்ணாடி மறைந்துபோய் இருந்தது. பக்கக் கண்ணாடிகளில் ட்ரெய்லரின் ஓரம் மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கட்டின புருஷனைச் சாமான் மாதிரி பின்னால் வைத்துக்கொண்டு, அவன் முகத்தையும் பார்க்க முடியாமல், டேஷ்போர்டில் இருந்த போனிலிருந்து வரும் குரலை மட்டும் நம்பி அவள் கியரைப் போட்டாள்.

கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. நாற்பதில் போனாள். பின்னாலிருந்து யாரோ லேசாகப் பிடித்து இழுத்து விடுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"என்ன இப்படி உருட்டற? மணி பத்தாகப் போகுது. வெசயா போ" என்றது போன்.

"நீங்க கெட்டியாப் புடிச்சுட்டு இருக்கறீங்களா?"

"நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன். நீ போ."

ஐம்பது. ஐம்பத்தைந்து. ஸ்டியரிங் என்னவோ லேசாகிவிட்ட மாதிரி பட்டது. காரின் முதுகை யாரோ கொஞ்சம் தூக்கிப் பிடித்திருப்பது போல. சொன்னால் திட்டுவான் என்று சொல்லாமல் விட்டாள். அதற்காக அவள் தன்னையே எத்தனை தடவை வைதுகொள்வாள் என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் இறக்கம் வந்தது. அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ரோடு நேராக இறங்கி, அடியில் ஒரு பள்ளத்துப் பாலம். பழைய குறுகல் பாலம், இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சுவர். மழை பெய்திருந்ததால் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தண்ணி லாரி பாலத்தை நோக்கி வந்துகொண்டிருப்பது மேலிருந்தே தெரிந்தது.

இறங்கத் தொடங்கியதும் இடது கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கவாட்டுப் பலகை முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி அது காணாமல் போய் வலது கண்ணாடியில் தெரிந்தது. மறுபடி இடது. காரின் வால் அதோடு சேர்ந்து நெளிந்தது.

"ஏனுங்க, ஆடுதுங்க."

"பிரேக் அடி" என்றான் வேல்குமார். அவன் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதே இல்லை. "கிருத்தி, பிரேக்கைப் போடு, போடு."

போட்டாள். பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், பின்னால் இருந்த அத்தனை இரும்பும் காரின் முதுகில் வந்து மோதுவதுபோல் முட்டித் தள்ளியது. காரின் மூக்கு வலப்பக்கமாகத் திரும்பி, எதிர்ப்பக்கப் புளியமரம் கண்ணாடி நிறையத் தெரிந்தது. போனில் தொப்பென்று ஏதோ விழும் சத்தம். பிறகு வெறும் காற்று.

காலை எடுத்துவிட்டாள். எப்படி எடுத்தாள், யார் சொல்லி எடுத்தாள் என்று பின்னால் அவளுக்கே விளங்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்துக்கொண்டாள். கார் மறுபடி ரோட்டுக்கு வந்தது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மூட்டை ஏற்றும்போது, பின்பக்கம் இரண்டு மூட்டை விழுந்தால் போதும், ட்ரெய்லரைக் காரோடு மாட்டுகிற முன்கம்பி ஆகாயத்தைப் பார்த்து எழும்பும். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுடைய வேலை. முன்னால் மூட்டை வந்து சேர்ந்ததும் கம்பி அடங்கி உட்கார்ந்துகொள்ளும். இப்போது வாலில் மூன்று மெஷினும் இருக்கிறது, அறுபத்தைந்து கிலோ வேல்குமாரும் இருக்கிறான்.

"மாமா, முன்னாடி வாங்க. மெஷினை உட்டுட்டு முன்னாடி வந்துருங்க."

போனில் காற்று இரைந்தது.

"மெஷின் போனாப் போகட்டுங்க. நீங்க முன்னாடி வாங்க. கேக்குதுங்களா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனுக்கு ஓர் உத்தரவு போட்டதில்லை. இப்போது தொண்டை கிழியப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்துருங்க, முன்னாடி வந்துருங்க, வந்துருங்க. பாலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணி லாரிக்காரன் புத்திசாலி, இந்தக் கூத்தைப் பார்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டான். அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு அவள் மனசுக்குள் கும்பிடு போட்டாள்.

ஏதோ ஒரு நொடியில் ஆட்டம் குறைந்தது. இடது, வலது, இடது, ஆனால் முன்போல் இல்லை. காரின் முதுகு கொஞ்சம் அழுந்தி ரோட்டில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. கேட்டுவிட்டது, வந்துவிட்டார் என்று நினைத்தாள். நினைத்து வாயை மூடுவதற்குள் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். ட்ரெய்லரிலிருந்து பாரமாக ஏதோ ரோட்டில் விழுந்தது. அதே சத்தம் போனிலும் காது கிழியக் கேட்டது. போன் இருந்த சட்டைப் பையோடு ஆளும் விழுந்திருந்தால்?

பார்க்க முடியாது. பாலம் வந்துவிட்டது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு முழம் இடம்தான் மிச்சம். இப்போது தலையைத் திருப்பினால் ட்ரெய்லர் சுவரைத் தேய்க்கும், உள்ளே ஆள் இருந்தால் அவன் செத்தான். ஆள் இல்லாவிட்டால் ஏற்கெனவே செத்தான். முருகா, சென்னிமலையானே, அந்த ஆளை எனக்குக் குடுத்துரு, எனக்கு ஷெட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனாள்.

பாலம் முடிந்து மேடு ஆரம்பித்தது. கார் தானாக வேகம் குறைந்தது. தண்ணி லாரியைத் தாண்டியதும் ஓரத்தில் ஒதுக்கினாள். அப்போது போனில் பேச்சுக் குரல் வந்தது. வேல்குமார் குரல் இல்லை.

"ஹலோ, யாருங்க? ரோட்டுல ஒரு போன் கெடந்துச்சுங்க."

"ஆளு?" என்றாள். "ஆளு எங்கீங்க?"

"ஆளு யாரையும் காணமுங்க. ஒரு தையல் மெஷின் ஒடஞ்சு கெடக்குதுங்க. யாராச்சும் வண்டியில இருந்தாங்களா? இருங்க, பள்ளத்துல எட்டிப் பாக்கறேன்."

கதவைத் திறந்து கீழே கால் வைத்தாள். காரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பன்னிரண்டு வருஷம் கண்ணுக்குள் ஓடியது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஒன்றும் ஓடவில்லை. அவன் உடம்பை எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறோம் என்ற ஒரே நினைப்புதான்.

ட்ரெய்லரின் வால்பக்கம் ஒரு மெஷின் இல்லை. துணிக் கயிறு அறுந்துகூடப் போகவில்லை, நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம், பலகைக்கு மேல் கவிழ்ந்து, வயிறு பலகையிலும் நெஞ்சு முன்கம்பியிலுமாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வேல்குமார் கிடந்தான். சட்டைப் பை கிழிந்திருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

"ஏனுங்க" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "நின்னுருச்சா?"

அவ்வளவுதான். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அவன் முதுகில் ஓங்கி இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி அடிக்கக் கை வராமல் அதே முதுகில் முகத்தை வைத்து அழுதாள். தண்ணி லாரி டிரைவர் இறங்கி வந்து, பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நான் சொன்னதைக் கேட்டு முன்னாடி வந்தீங்களே, அது போதுங்க. இன்னிக்காச்சும் எம் பேச்சைக் கேட்டீங்க."

"என்ன சொன்ன?" என்றான் அவன்.

"முன்னாடி வாங்கன்னு அத்தனை கத்துனனுங்களே."

"எங்க கேட்டுச்சு? மொத ஆட்டத்துலயே பை கிழிஞ்சு போன் மெஷினுக்கு அடியில போயிருச்சு."

"அப்பறம் எதுக்குங்க முன்னாடி வந்தீங்க?"

அவன் இரண்டு கைகளும் இன்னும் கீழே இருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். காரையும் ட்ரெய்லரையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கியில் செருகியிருந்த இரும்புப் பின்னை அந்த விரல்கள் பற்றிக்கொண்டிருந்தன. நான்கு விரல்களில் தோல் உரிந்து, பின் முழுக்க ரத்தம்.

"இதைப் புடுங்கி உட்டரலாம்னுதான் வந்தேன்" என்றான், செய்த வேலை சரியில்லை என்று மேஸ்திரியிடம் ஒப்புக்கொள்பவன் மாதிரி. "இது பள்ளத்துக்குள்ள போறப்ப உன்னையும் இழுத்துட்டுப் போயிரும்னு நெனச்சேன். ரெண்டு கையிலயும் இழுத்துப் பாத்தேன் கிருத்தி. வரவே மாட்டேன்னுருச்சு."

விரல் விரலாகப் பிரித்து அவன் கையை அந்தப் பின்னிலிருந்து எடுத்தாள். எடுத்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

திறந்து கிடந்த கார்க் கதவு வழியாக டேஷ்போர்டில் இருந்த போன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா? பள்ளத்துல யாரையும் காணமுங்க. உங்க ஆளு கெடச்சாருங்களா?"

"கெடச்சுட்டாருங்க" என்றாள் கிருத்திகா, அந்த மனுஷனுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.