தரையில் நூறு அடி

1

இந்தக் கதைக்குக் காரணம் மன்சூர். திருச்சி பாலக்கரையில் பழைய இயந்திரச் சாமான் விற்கும் நண்பர். போன மாதம் ஒரு விமான ஆல்டிமீட்டரை, அதாவது உயரமானியை, என் கையில் திணித்தார். "வச்சுக்கங்க சார், நீங்கதான் இதையெல்லாம் மணிக்கணக்கா பார்த்துக்கிட்டு இருப்பீங்க."

காலை பத்து மணிக்கு ஸ்ரீரங்கத்தில் என் மேசைமேல் வைத்து, குமிழைத் திருகி, முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் முள் நூறு அடியில் நிற்கிறது! யாரும் தொடவில்லை. மேசையும் அதே இடத்தில்தான் இருந்தது.

என் மனைவி ஆனந்தவள்ளி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வீடு பறக்குதா? முன்னாடியே சொல்லியிருந்தா மாடியில காயிற துணியை எடுத்திருப்பேன்ல."

2

[முதல் தொடக்கம், அடித்தது: "மேகங்களுக்கு மேலே கேத்தரின் தன்னந்தனியாக" வேண்டாம். மேகத்தில் தொடங்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.]

[இரண்டாவது: "உயரம் என்பது"]

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உயரமானிக்கு உயரம் தெரியாது! அதற்குள் இருப்பது காற்றை உறிஞ்சி மூடிய ஒரு மெல்லிய உலோக டப்பா. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் டப்பா உப்பும். பற்சக்கரங்கள் அந்த உப்பலை முள்ளுக்குக் கொண்டுபோகும். மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் முள் ஏறுகிறது. ஆனால் நம் ஊரில் தரையிலேயே பிற்பகலில் அழுத்தம் குறைகிறது.* டப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, உப்பிவிடும். அதனால் இறங்க வரும் விமானத்துக்குக் கட்டுப்பாட்டு அறை அந்த நேரத்து அழுத்தத்தை ரேடியோவில் சொல்லும். விமானி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு, குமிழைத் திருகிப் பொருத்த வேண்டும்.

* கடலைப்போலக் காற்றுக்கும் தினமும் ஏற்றவற்றம் உண்டாம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, முள்ளை இன்னொரு முறை போய்ப் பார்த்தேன்.

3

இனி கேத்தரின். பொன்மலைக்காரி. விமானி உரிமத் தேர்வில் ஒருமுறை தவறியவள். இந்த முறையும் தவறினால், காத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பக்கத்து இருக்கையில் தேர்வாளர் அமிர்தராஜ். அதிகம் பேசாதவர் என்று எழுதினேன். (என் கதைகளில் எல்லோரும் என்னைப்போலவே வாய் திறப்பதில்லை. அடித்துவிட்டு அவரைப் பேச விட்டேன்.)

"என்னம்மா, பயமா இருக்கா? காலையில சாப்பிட்டியா?"

"நாலு இட்லி சார்."

"அப்ப பயமில்ல. பயந்தவங்களுக்கு ரெண்டுக்கு மேல இறங்காது."

காலையில் திருச்சியிலிருந்து கிளம்பி, மதுரை போய், நான்கு மணிக்குத் திரும்புகிறார்கள். கட்டுப்பாட்டு அறை புதிய அழுத்தத்தைச் சொன்னது. கேத்தரின் எண் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அமிர்தராஜ் தலையாட்டினார். சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியில் குமிழைத் தொட மறந்தாள்.

முள் ஆயிரம் அடி என்கிறது. இருப்பதோ தொள்ளாயிரத்தில்! வானம் தெளிவாக இருக்கிறது, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வில் இது தோல்வி.

அமிர்தராஜ் திருச்சிக்காரர். தூரத்தில் காவிரி தெரிந்ததும், தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வலப்பக்க ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார். அப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது, உயரமானியில் காலையில் வைத்த பழைய அழுத்த எண்.

4

ஆனந்தவள்ளி இதுவரை படித்தாள்.

"சத்தமில்லாம திருகிடலாமே. அவர்தான் பார்க்கலையே."

"திருகலாம். முள்ளு நூறு அடி இறங்கும், விமானம் அசையாது."

தாளை மேசைமேல் வைத்தாள். "இல்லங்க, சொல்லணும். நாளைக்கு நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போகப்போறவ. 'மறந்துட்டேன் சார்'னு சொல்லட்டும்."

"சொன்னா பெயில்."

"பெயிலாக்குறது நீங்கதானே? அந்த மனுஷன் மேல ஏன் பழி போடுறீங்க?"

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சொல்கிறாள், அமிர்தராஜ் சிரித்து மன்னிக்கிறார். திகட்டியது, கிழித்தேன். மற்றதில் சொல்லாமல் இறங்குகிறாள், வேலை கிடைக்கிறது, பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவள் கை

[இதற்கு மேல் போகவில்லை.]

5

குமிழில் அவள் விரல் இருக்கிறது. திருகுவாள்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் திறப்பாளா என்பதுதான் மிச்சம்.

"நீங்களா இருந்தா?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே கேத்தரினுக்காகப் பேச நான் சரியான ஆள் இல்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம்! குமிழ் திரும்பிவிட்டது, முள் இறங்கிவிட்டது, அமிர்தராஜ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்புகிறார்.

"இந்த வருஷம் தண்ணி பரவாயில்ல, என்னம்மா?" என்கிறார்.

அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.