கல்முனிக்கு நேர்ந்த சேவல்

...அப்பாடா, விட்டுவிட்டார்கள், நிஜமாகவே விட்டுவிட்டார்கள், ஜட்ஜு சொன்னது ஒன்றும் விளங்கவில்லை, வக்கீல் திரும்பிச் சிரித்த பிறகுதான் அம்சத்துக்கு உயிர் வந்தது, கோர்ட்டு வாசல் டீக்கடையில் காலைக் கட்டி விட்டுவைத்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே இந்தக் கடற்கரைக் கோயிலுக்கு வந்துவிட்டாள், பின்னால் புருஷன் வீரையன்... மனுஷன் ஏன் இப்படி மெல்ல நடக்கிறான், விடுதலையான ஆள் நடக்கிற நடையா இது? போகட்டும், ஜெயில் சோறு தின்ற உடம்பு. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு ஆண்டை அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கினார், களத்தில் அடிதடி, ஆண்டையின் காரியக்காரர் செத்துக் கிடந்தார், பழி இவன் தலையில். ஏழைக்கு ஆட்சி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் கொடி கட்டினார்களே, போலீஸ் வேன் மட்டும் சேரிக்கு வழி மறக்கவில்லை, பாவிகள்! வாய்தாவுக்கு வந்த ஒரு நாள் அழுதுகொண்டே இந்தப் பக்கம் வந்தவள் உள்ளே பார்த்தாள், ஊரில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிற கல்முனியேதான், அதே மூடிய கண், அதே நீளக் காது. முனிக்குச் சேவல்தானே வழக்கம்? என் புருஷன் உசுரைக் குடு, ஒரு உசுரு தர்றேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டாள்.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் சேவலைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அடியாத்தீ! இது புத்தர் கோயிலு ஆத்தா, இங்க உசுரு வாங்குற வழக்கமே இல்ல. ரெண்டு பூவ வச்சுக் கும்பிட்டுப் போ." நேர்ந்ததைச் செய்யாவிட்டால் திரும்பப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ? ஆனால் உள்ளே அந்த முகம் கேட்டு வாங்குகிற முகமாகவே இல்லை, தன்பாட்டுக்குச் சிரிக்கிறது, அலை தவிர ஒரு சத்தமில்லை, தள்ளி நில் என்று யாரும் சொல்லவில்லை, அம்சம் காலை நீட்டி உட்கார்ந்தேவிட்டாள், இப்படி உட்கார்ந்து எத்தனை மாதம்... சரி, சாமிக்கு வேண்டாமென்றால் வீட்டில் குழம்பு வைத்தால் ஆயிற்று, இந்த மனுஷன் கோழிக்குழம்பு கண்டு எவ்வளவு நாளாச்சு, ஊரில் கிடாவெட்டு என்றாலே கத்தியோடு முதலில் நிற்கிறவனாச்சே.

"இந்தாங்க, பிடிங்க. ராத்திரிக்கு நீங்களே அறுத்துடுங்க."

வீரையன் வாங்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "அத அவுத்து விட்டுடு அம்சம். இனிமே என்னால ஆகாது."

அவிழ்த்து விட்டாள், சேவல் சிறகை உதறிக்கொண்டு மணலில் ஓடியது, கண்ணாத்தாள் சிரித்தாள், அம்சமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டேதான் பஸ்ஸுக்கு நடந்தாள்... களத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், ஜட்ஜு கேட்டார், கட்சி ஆட்கள் கேட்டார்கள், அவள்தான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நடந்தவனின் கை இன்னும் பின்னால்தான் இருந்தது. கேட்கலாம்தான்... பஸ் வரட்டும், முதலில் வீடு போய்ச் சேரட்டும், அவன் ஒரு வாய் சோறு தின்னட்டும்...