ஐந்து டிகிரி

சாண்ட்ராவின் ஏர் ரைபிள் பேரல் லேத்தில் சுழலத் தொடங்கியதும் சௌமியாவுக்கு உள்ளங்கை வியர்த்தது. தண்டையார்பேட்டையில் வெள்ளத்துரையின் பட்டறைக்கு அவள் வந்து ஆறு வருடம். விசைப்படகு இஞ்சினுக்குக் கடைந்த சாமானுக்குக் கணக்கில்லை. அதில் ஒன்று கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டை மாட்டலாம். இதற்கு வேறு துண்டு கிடையாது. துப்பாக்கி சாண்ட்ரா சுடப் பழகும் கிளப்புடையது, பேரல் அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. இன்று வியாழன்.

சாண்ட்ரா ராயபுரத்துக்காரி, ஹார்பரில் கிரேன் ஓட்டும் நோயலின் மகள். துப்பாக்கியின் மூக்கு ஆடாமல் நிற்பதற்காக வெளிநாட்டிலிருந்து ஓர் அலுமினிய எடைக்குண்டு வரவழைத்திருந்தாள். பேரல் நுனியில் மரை வெட்டினால்தான் அதைத் திருகி மாட்ட முடியும். கிளப் மெக்கானிக் பத்து நாள் கேட்டார். சௌமியாதான், "கொண்டாந்து குடுடி, நான் போட்டுத் தரேன்" என்று வாயை விட்டாள்.

"மூச்ச வுடுடி. பக்கத்துல நீ இப்டி நின்னா எனுக்கு வேல ஓடாது."

"சுடசொல்லோ மூச்ச புடிச்சிப் பழகிப்போச்சிக்கா."

குண்டு வந்த டப்பாவில் அளவு போட்டிருந்தது: அரை இஞ்சு, இஞ்சுக்கு இருபது மரை. சௌமியா பேரல் துளைக்குள் தூள் போகாமல் துணியை அடைத்து, கியரை மாற்றி, முடி முடியாக வெட்டினாள். கடைசி இரண்டு வெட்டை நிறுத்தி வைத்தாள். மாட்டிப் பார்க்காமல் அந்த இரண்டை அவள் எப்போதும் எடுக்க மாட்டாள்.

குண்டைத் திருகினாள். இரண்டு சுற்று போனது. மூன்றாவதில் கடித்துக்கொண்டு நின்றது.

வெள்ளத்துரை டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார். "ஆயில வுட்டு ஸ்பேனர போட்டு இழு. தானா வழி பண்ணிக்கும்."

"ஐயோ அண்ணா, அது அலுமினியம்! உள்மர வழிச்சினு பூடும்!" என்று சாண்ட்ரா குண்டைக் கையால் மூடினாள்.

"போட்டு இஞ்சின் சாமான்லாம் அப்டித்தாம்மா மாட்றோம்."

படகு சாமான். அந்தச் சொல் சௌமியாவை நிறுத்தியது. குண்டைக் கழற்றினாள். அலமாரியிலிருந்து அளவுத் தகட்டை எடுத்து மரையின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பல்லுக்குப் பல் சரியாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? அது ஐம்பத்தைந்து டிகிரிக் கோணப் பல்லுக்கான தகடு. அறுபது டிகிரித் தகட்டை அடியிலிருந்து தேடி எடுத்து வைத்தாள். பல்லோரத்தில் நூல் போல வெளிச்சம் கசிந்தது.

படகு இஞ்சின் சாமானெல்லாம் ஐம்பத்தைந்து டிகிரி. ஆறு வருடமாகக் கை அந்தக் கோண வெட்டு டூலைத்தான் தீட்டுகிறது. இன்றும் கேட்காமல் அதையே தீட்டி மாட்டியிருக்கிறது. டப்பாவில் இருந்தது அமெரிக்க மரை, அதற்கு அறுபது.

"தப்பு என்துதான் சாண்ட்ரா. டூல் தப்பு."

சாண்ட்ராவின் முகம் வெளுத்தது. "அப்ப பேரலு பூட்ச்சா?"

சௌமியா மரையைத் துடைத்தாள். வெட்டிய ஆழத்தை மைக்ரோமீட்டரில் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சிரித்தாள். "போவல. பள்ளம் ஒடுக்கமா கீது. அகலப்படுத்தலாம். அகலமா வெட்டிருந்தாதான் பேஜாரு, போன இரும்பு திரும்ப வராது."

பேரலை லேத்திலிருந்து கழற்றாமலே டூலை மாற்றினாள். அறுபதுக்குத் தீட்டி, தகட்டில் வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று மூன்று முறை பார்த்தாள். லேத்தைக் கையால் சுற்றி, டூலின் முனை பழைய பள்ளத்தின் நட்ட நடுவில் உட்காரும்வரை நகர்த்தினாள். இங்கே ஒரு மயிரிழை பிசகினாலும் பேரல் போச்சு. வெள்ளத்துரை டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

வெட்டு, துடை, குண்டு. நாலு சுற்று. வெட்டு, துடை, குண்டு. ஏழு சுற்று. கடைசி வெட்டு முடிந்ததும் சௌமியா விலகிக்கொண்டாள்.

"நீயே போடு."

சாண்ட்ரா இரண்டு விரலால் திருகினாள். குண்டு சத்தமில்லாமல் ஓடிப்போய் மரை முடியும் இடத்தில் உட்கார்ந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. அப்போதுதான் மூச்சை விட்டாள்.

"அப்பாடா, மூச்ச வுட்டா பொண்ணு!" என்றார் வெள்ளத்துரை.

சனிக்கிழமை மதியம் பயிற்சி முடிந்து வந்த சாண்ட்ரா ஒரு இலக்கு அட்டையை மேசையில் வைத்தாள். வெள்ளத்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு ஓட்டதான் கீது? மீதி குண்டு எங்க பூட்ச்சி?"

"பத்தும் அதுலதாண்ணா கீது."

சௌமியா நிமிரவில்லை. அறுபது டிகிரி டூலின் காம்பில் சிவப்புப் பெயின்ட் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்துக் காய வைத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு எத்தினி மணிக்குடி போட்டி? நானும் வரேன்."