மெஷினுக்கு அடியில் ஒரு செங்கல்

அந்த வீட்டின் நடுவில் பகலில் எழுப்பிய சுவர், விடிவதற்குள் வாசல் வழியாக வெளியேறி காம்பவுண்டுக்கு அப்பால் போய் நின்றுகொண்டது. மூன்று முறை கட்டினார்கள், மூன்று முறையும் அப்படித்தான். தினக்கூலி என்பதால் கொத்தனாருக்கு மட்டும் வருத்தமில்லை.

அப்பா போனபின் அண்ணனும் தம்பியும் எதையும் சரிபாதியாகத்தான் பிரித்தார்கள். ஏணியை நெடுக்குவாக்கில் அறுத்ததில் இருவருமே பரணில் ஏற முடியாமல் போயிற்று. ஆனாலும் ஒருத்தனும் ஏமாறவில்லையே என்று திருப்தி. குடையையும் அப்படியே வெட்டி, ஆளுக்கொரு தோள் நனைய வேலைக்குப் போனார்கள். இருவருக்கும் நடுவில் பிறந்த தையல்காரியை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. சுவர் வரவேண்டிய கோட்டில்தான் அவளுடைய மெஷின் இருந்தது. அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. "நீ எங்கயாவது பாத்துக்கோம்மா" என்றான் அண்ணன், பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வதுபோல. அவளோ ஒவ்வொரு முறை சுவர் வெளியேறியதும் மெஷினைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுத் தைத்தாள்.

அண்ணன் விடவில்லை. ஆள் வைத்து வீட்டின் செங்கற்களை எண்ணினான். ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. "சரிபாதியாப் போகுதே, அப்புறம் இந்தச் சுவருக்கு என்ன கேடு?" என்று கணக்கு வாத்தியாரைக் கூட்டிவந்தான். வாத்தியார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அடியில் குனிந்தார். அதன் குட்டைக் காலுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"இதை எண்ணுனீங்களா?"

"அது அவளோடது சார். அதை எதுக்கு எண்ணணும்?" என்றான் அண்ணன்.

"எண்ணணும். இதையும் சேர்த்தா பகா எண். ஒண்ணால வகுபடும், இல்லன்னா அதே எண்ணால. வேற எதுக்கும் மசியாது. மொத்த வீடும் ஒருத்தருக்கு, இல்லன்னா லட்சத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கொரு கல்லு."

தம்பி அந்தச் செங்கல்லைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். காலையில் அது ஈரத்தோடு மெஷினுக்கு அடியில் இருந்தது. தையல்காரி ஒரு வெட்டுத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஒருத்தன் நான்தான் என்றான் அண்ணன். தம்பியும் அதையே சொன்னான். விட்டுக்கொடுக்கிற வம்சமா அது? கடைசியில், ஆளுக்கொரு கல் வாங்க வாரிசுகள் சேரும்வரை யாரும் வீட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, இருவரும் வாடகை வீடுகளுக்குப் போனார்கள். மனைவிமார் தலையில் அடித்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் இரண்டு பக்கமுமாகப் பதினோரு பிள்ளைகள். மிச்சத்தைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருவருமே நம்பிக்கையாக இருந்தார்கள்.

பதினோரு பேருக்கும் சீருடை தைத்தது அவள்தான். ஒருநாள் அண்ணனின் கடைக்குட்டி மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "அத்தை, இதுதான் என் கல்லா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு, இது என்னோடது. உங்கப்பாவே சொல்லியிருக்கார், போய்க் கேளு. இப்ப கையைத் தூக்கு, அளவெடுக்கணும்."

வெளியே நின்ற மூன்று சுவர்களின் மேலும் அவளுடைய புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன.