வலது கை

ஆதிலட்சுமிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம். அங்கே பாஸ்டர் வல்லரசு சில மாதங்களாக வெளிப்படுத்தின விசேஷத்தைத் தவிர வேறெதையும் பிரசங்கிப்பதில்லை. ஏழு தலை மிருகம் என்றால் உலக அரசாங்கங்கள். பத்துக் கொம்பு என்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகள். மகா வேசியின் கையிலிருக்கும் பொற்கிண்ணம் என்றால் சினிமா. எல்லாவற்றுக்கும் அவரிடம் அர்த்தம் தயாராக இருந்தது. சில வாரங்களுக்கு முன் மிருகத்தின் முத்திரைக்கு வந்தார். வலது கையிலோ நெற்றியிலோ அதை வாங்கிக்கொண்டவன்தான் எதையும் வாங்க முடியும், விற்க முடியும். வாங்கிக்கொண்டவனுக்கு அக்கினிக் கடல் நிச்சயம். அந்த முத்திரை வேறொன்றுமில்லை, கைரேகை மிஷின்தான் என்று போட்டு உடைத்தார்.

அடுத்த வாரமே ரேஷன் கடைப் பிரச்சினை கிளம்பியது. ரேகை வைக்காமல் அரிசி ஏது? சபையில் பாதிப் பேர் முணுமுணுக்க, பாஸ்டர் உபவாசம் இருந்து ஒரு வழி கண்டுபிடித்தார். வேதத்தில் வலது கை என்றுதானே இருக்கிறது, இடது கை விரலை வையுங்கள், பாவமில்லை. அன்று முதல் சபைக்காரர்கள் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடது கையை நீட்டினார்கள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அரிசி போட்டார்.

ஆதிலட்சுமியின் புருஷன் அப்பாசாமிக்கு அந்த வழியும் இல்லை. அடி அண்ணாமலையில் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்துக்குக் கரும்பு ஜூஸ் பிழிந்து விற்றவன் அவன். ஒருநாள் கரும்போடு இடது கையும் மிஷினுக்குள் போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காதபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சீழ் துடைத்தவர் இந்த வல்லரசுதான். அதை ஆதிலட்சுமி என்றைக்கும் மறுத்ததில்லை. அதனால்தான் அவளும் சபைக்கு வந்தாள். பெயரை எஸ்தர் என்று மாற்றச் சொன்னபோது மட்டும் மசியவில்லை.

இப்போது அப்பாசாமிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன. உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டும். காப்பீட்டு அட்டையில் இலவசம்தான், ஆனால் ரேகை வைக்க வேண்டும். “முகத்தைக் காட்டினாலும் போதும்” என்றாள் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் இருந்த பெண். முகத்தோடு நெற்றியும் வருமே என்று அப்பாசாமி துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். இதோ, கால்கள் வீங்கி, மூச்சு இழுக்க, சுவரில் சாய்ந்துகொண்டு ஆமென் சொல்கிறான்.

“பாஸ்டரய்யா, ஒரு சந்தேகம்” என்று எழுந்தாள் ஆதிலட்சுமி.

“ஆராதனை முடியட்டும், சிஸ்டர்.”

“அது முடியறதுக்குள்ள இவரு முடிஞ்சிடுவாரு. மிருகம்னா மிருகமில்ல, கவர்மெண்ட்டுன்றீங்க. கொம்புன்னா கொம்பில்ல, கம்பெனின்றீங்க. கிண்ணம்னா சினிமான்றீங்க. கை மட்டும் எப்படிங்க கையாவே நின்னுடுச்சி?”

பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடினார். அவள் விடவில்லை.

“கைன்னா நாம செய்யற வேலை, நெத்தின்னா நெனக்கிற நெனப்புனு ஏன் இருக்கக் கூடாது? மனசையும் ஒழைப்பையும் யாருக்கு விக்கிறோம்ன்றதுதான் முத்திரைனு ஏன் சொல்லக் கூடாது?”

“வேதத்துல ஒரு வார்த்தையைக் கூட்டுனாலும் வாதை வரும் சிஸ்டர், ஜாக்கிரதை!”

“இடது கை பரவாயில்லைன்னு கூட்டுனது யாருங்க? ரெண்டு கை இருக்கறவங்களுக்கு அரிசியும் கெடைக்குது, பரலோகமும் கெடைக்குது. கையை மிஷின்ல வுட்டவனுக்கு மட்டும் சாவா?”

முன்வரிசையில் யாரோ ஒருத்தி தன்னையறியாமல் “அதானே” என்றாள். வல்லரசின் முகம் கறுத்தது. “இது சிஸ்டர் பேசல, உள்ள இருந்து வேற ஒண்ணு பேசுது” என்று கையை உயர்த்தினார். உடனே பெண்கள் அவளைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பாசாமி எழுந்தான். “உக்காருடி. என் மானத்தை வாங்காத. செத்தாலும் சரி, வெரல் வெக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க.”

பாஸ்டர் “அல்லேலூயா” என்றார். கூடமே திருப்பிச் சொன்னது.

ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. தனியாகப் போய்க் காலில் விழுந்திருந்தால் இந்த மனுஷன் இன்னொரு உபவாசம் இருந்து இன்னொரு வழி கண்டுபிடித்திருப்பார். ஊர் முன்னால் மடக்கிவிட்ட பிறகு எப்படி இறங்கி வருவார்? தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக வல்லரசின் மேல் வந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பாசாமிக்கு நினைவு தப்பியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கவுன்ட்டர் பெண் ரேகை மிஷினை ஸ்ட்ரெச்சர் பக்கம் எடுத்து வந்தாள். வீங்கிக் கனத்த அந்த வலது கையை ஆதிலட்சுமி தூக்கினாள். அவளும் விசுவாசிதான். அக்கினிக் கடல் நிஜமாக இருந்துவிட்டால்? பாஸ்டர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? முதல் தடவை மிஷின் ஏற்கவில்லை. முந்தானையால் விரலைத் துடைத்து மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

அவனுக்குத் தெளிவு வந்ததும் பக்கத்தில் சுழலும் டயாலிசிஸ் இயந்திரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன். நான்தான் அழுத்துனேன். எரியணும்னா நான் எரிஞ்சிக்கிறேன்.”

அப்பாசாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

“பரலோகத்துல எனக்குப் போன கை திரும்ப வரும்னு பாஸ்டரு சொன்னாருடி. அதை நம்பித்தான் இருந்தேன். அதையும் புடுங்கிட்டியே, பாவி. நீ நல்லா இருப்பியா? நாசமாப் போ.”

இந்த மனுஷன் மனசுக்குள் இப்படி ஒரு ஆசை கிடந்ததை இத்தனை நாள் அவள் கேட்டதே இல்லை. போர்வையை இழுத்து அவன் நெஞ்சுவரை மூடினாள்.

“திட்டு” என்றாள். “நாளன்னிக்கு மறுபடியும் வரணும். அன்னிக்கும் கையைப் புடிச்சி வெப்பேன். அன்னிக்கும் திட்டு.”